ஈயக் கணக்கு

பந்தயம் முடிந்ததும் எல்லாரும் மேடைப் பக்கம் ஓடுவார்கள்.
நான் எடைமேடையில் நிற்பேன்.
இங்கே ஷாம்பெயின் தெறிப்பதில்லை.
பிரேக்கின் கரி மட்டும்
நகக்கண்ணில் திங்கட்கிழமை வரை.

படிக்கும்போது விதி எளிது:
ஒரு புள்ளிக்கு இரண்டு கிலோ.
ஏப்ரலில் ஒகயாமாவில் ஜெயித்தவன்
மே மாதம் ஃபுஜிக்கு
நாற்பது கிலோ ஈயத்தோடு வருவான்.
பரிசும் தண்டனையும் ஒரே ரசீதில்.
பெரிய வகுப்பில் ஐம்பதைத் தாண்டினால்
ஈயத்தை விட்டுவிட்டு
எரிபொருளின் தொண்டையைப் பிடிப்போம்.

தொண்ணூற்று மூன்றில் இது தொடங்கியபோது
வண்டிகளை விரல்விட்டு எண்ணலாம்.
தடம் வெறிச்சென்று தெரியாதிருக்க
வேறு வகுப்பு வண்டிகளையும் சேர்த்து ஓட்டினார்கள்.
நான் அப்போது ஒரு வளைவில்
மஞ்சள் கொடியோடு நின்ற பையன்.
பிறகு குதிரைத்திறனைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள்,
ஐந்நூறு, முந்நூறு என்று.
எஞ்சின்கள் அந்தச் சட்டையைக் கிழித்துக்கொண்டு
எப்போதோ வளர்ந்துவிட்டன.
பெயர் மட்டும் பழைய அளவில்.

முந்நூறுக்கு மஞ்சள் விளக்கு.
பின்னால் வெள்ளை விளக்கு தெரிந்தால்
வேகக்காரன் வருகிறான் என்று பொருள்,
வழியும் விடவேண்டும், உன் வரியையும் விடக்கூடாது.
ஒரு வண்டிக்கு இருவர்.
மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்
எவனும் தனியே ஓட்டிவிட முடியாது.

இந்த வருஷம் எண்பத்து மூன்றாம் எண்,
இசவாவும் குரேபயாஷியும்.
ஆகஸ்ட், சுசுகா, கடைசிச் சுற்றுகள்.
இசவா பத்தாவது.
பத்தாமிடத்துக்கு ஒரே ஒரு புள்ளி,
சுகோவுக்குப் போகையில் இன்னும் இரண்டு கிலோ.
"வேண்டுமா அது?" என்று கேட்டாள்
அணித்தலைவி குசகாரி, வானொலியில்.
வண்டியில் ஏற்கெனவே
இரண்டரை மூட்டை அரிசியின் பாரம்.
"சரியாகக் கேட்கவில்லை" என்றான் இசவா,
மிகத் தெளிவான குரலில்.

சுகோவில் ஒரு பேய் குடியிருப்பதாகச் சொல்வார்கள்.
நான் பார்த்ததில்லை.
மழை பார்த்திருக்கிறேன்,
கடைசி ஏற்றத்தில் பாரமான வண்டி
மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.
பதினான்காவதாக வந்தார்கள்.

ஆட்டோபோலிஸில் பாதி எடை.
நவம்பரில் மொதெகி: ஒன்றுமில்லை.
மெக்கானிக் ஷிகெனோ தரையில் மல்லாந்து
கடைசித் தகட்டைக் கழற்றி
மார்பின்மேல் வைத்துக்கொண்டு
சற்று நேரம் அப்படியே கிடந்தான்.

பாரம் போன வண்டியை நம்ப
இசவாவுக்கு ஏழெட்டுச் சுற்று பிடித்தது.
எல்லா வளைவிலும் சீக்கிரமே பிரேக்.
வருஷம் முழுக்கச் சுமந்த கால்
சுமையில்லாததையும் சுமந்தது.
பிறகு குரேபயாஷி ஏறி
எட்டுப் பேரைத் தாண்டினான்.
மூன்றாமிடம். கோப்பை ஆறு புள்ளியில் போயிற்று.
சுசுகாவின் அந்த ஒரு புள்ளியால்
லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கொடி விழுந்த பிறகுதான்
நான் காத்திருக்கும் காட்சி.
கூட்டத்துக்குக் கையசைத்தபடி
ஓட்டுநர்கள் வரியை விட்டு விலகி
அழுக்கின்மேல் மெல்ல உருட்டிவருவார்கள்.
தடத்தோரம் சிதறிய ரப்பர் துணுக்குகள்
சூடான டயரில் ஒட்டிக்கொள்ளும்.
எரிபொருள் தீர்ந்திருக்கும், டயர் தேய்ந்திருக்கும்;
குறைந்தபட்ச எடைக்கு நூறு கிராம் குறைந்தாலும்
நான் அடித்துவிடுவேன் என்று தெரியும்.

எட்டு மாதம் எடையைச் சபித்தவர்கள்
இப்போது குப்பை பொறுக்குகிறார்கள்.

எண்பத்து மூன்று மேடையேறியது.
டயரெல்லாம் கறுத்த அப்பளம்போல் ரப்பர்.
எண்கள் ஆடின, நின்றன.
நானூறு கிராம் கூடுதல்.
தலையசைத்தேன்.
ஷிகெனோ குனிந்து
டயரிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதை நான் எடைபோடவில்லை.